நாயோடு மலைப்பாதைக்குப் போகும் முன்: ஜிம்னி, தார், பொலிரோவைத் தயார் செய்யும் முறை

ஜிம்னி, தார், பொலிரோ மாதிரி வண்டி ஒன்றை வாங்கி, நாயையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை, வால்பாறை, மேகமலைப் பக்கம் போக நினைப்பவர்களில் பலர் பணத்தைத் தலைகீழ் வரிசையில் செலவழிக்கிறார்கள். முதலில் பெரிய டயர், அடுத்து மேல் கேரியர், அப்புறம் கூடுதல் விளக்குகள். நாயின் முறை வரும்போது பின்சீட்டுக்கு ஒரு துணி விரிப்பு வாங்கத்தான் காசு மிஞ்சுகிறது. அந்த விரிப்பு சீட்டில் முடி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், நாயைக் காப்பாற்றாது.

நாய் எங்கே இருக்கப்போகிறது, எதோடு கட்டப்பட்டிருக்கிறது, அங்கே காற்று போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மற்றதை வாங்குங்கள். கீழே உள்ள அளவுகள் ஐந்து கதவு ஜிம்னியையும், 20 முதல் 35 கிலோ வரை எடையுள்ள நாயையும் (ராஜபாளையம், கோம்பை, லேப்ரடார் அளவு) மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. தார், பொலிரோவுக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம். பட்டறை வேலை, பொருட்கள், மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 30,000 ரூபாய் வரை ஆகலாம். ஊருக்கு ஊர் கூலி மாறும். கிளம்பும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

1. காகிதங்கள்: இங்கேதான் அதிக நாள் பிடிக்கும்

வண்டி வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். தடுப்பூசி அப்படியல்ல. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதல் முறையாகப் போடுகிறீர்கள் என்றால் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று வாரம் ஆகும். ஆண்டு ஊசி காலாவதியாகியிருந்தால் அதை முதல் நாளே சரிசெய்யுங்கள். எலிக்காய்ச்சலுக்கு எதிரான லெப்டோ ஊசியும் ஆண்டு ஊசிக் கலவையில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரும் சதுப்பும் உள்ள மலைப்பகுதிக்கு அது அவசியம். தடுப்பூசிப் புத்தகத்தில் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, மருந்தின் பேட்ச் எண் ஒட்டிய சீட்டு மூன்றும் இருக்க வேண்டும். சீட்டு ஒட்டாமல் தேதி மட்டும் எழுதிய பக்கத்தைச் சில தங்குமிடங்கள் ஏற்பதில்லை.

அடுத்தது பயணத் தகுதிச் சான்று. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள், சாலை வழியாகக் கொண்டுபோகும் நாய்க்கும் கால்நடை மருத்துவரின் சான்று உடன் இருக்க வேண்டும் என்கின்றன. தொற்றுநோய் அறிகுறி இல்லை, பயணிக்கும் நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வீட்டு வண்டியை நிறுத்தி இதைக் கேட்பது அபூர்வம். ஆனால் மாநில எல்லைச் சாவடியில் கேட்டுவிட்டால் வாக்குவாதம் செய்து பயனில்லை. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு வாங்குங்கள், ஒரு மாதம் முன்பே வாங்கி வைக்காதீர்கள். தனியார் மருத்துவமனையில் 300 முதல் 800 ரூபாய்க்குள் முடியும். நிறைமாதச் சினையாக உள்ள நாயை ஏற்றவே கூடாது.

சென்னைவாசிகள் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் முடித்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்களும் சிப் போடுவது நல்லது. காட்டுப்பக்கம் கழுத்துப்பட்டை கழன்று நாய் தொலைந்துபோனால், அது உங்கள் நாய்தான் என்று காட்ட அந்த 15 இலக்க எண் உதவும். சிப்பைப் போட்டுவிட்டு, பதிவில் பழைய தொலைபேசி எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. வால்பாறைக்கும் அந்த முறை வந்துவிட்டது. கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் கேனில் கொண்டுபோவது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

2. எங்கே போகக் கூடாது

தேசியப் பூங்காவுக்கும் புலிகள் காப்பகத்துச் சுற்றுலாப் பகுதிகளுக்கும் நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதை வெறும் கெடுபிடியாக நினைக்க வேண்டாம். நாய்களிடம் பரவும் டிஸ்டம்பர் வைரஸ் 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொன்றது. காப்பகத்தின் ஊடே போகும் பொதுச்சாலையில் நாயோடு கடந்து போகலாம். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, நாயை இறக்கவே கூடாது. முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். அதற்கேற்பக் கிளம்பும் நேரத்தை வையுங்கள்.

காப்புக்காட்டுக்குள் தெரியும் மண்தடம் எல்லாம் பொதுவழி அல்ல. அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும், வண்டியையும் பிடித்து வைக்கும். தனியார் தோட்டத்துப் பாதைகளில் உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டுங்கள், அல்லது அதற்கென்றே உள்ள பயிற்சித் தடங்களுக்குப் போங்கள். கொழுக்குமலை போன்ற இடங்களில் உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். உங்கள் வண்டியில் எவ்வளவு வேலை செய்திருந்தாலும் அங்கே அது பயன்படாது.

3. எடைக் கணக்கு

எதையும் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. வெறும் வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ. மிச்சம் 345 கிலோ, அவ்வளவுதான்.

பெரியவர்கள் இருவர் 140. நாய் 30. கூண்டு 25. பலகையும் ரப்பர் விரிப்பும் 20. தண்ணீர் 20 லிட்டர் என்றால் 20. காற்று கம்ப்ரசர், மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஜாக்கி எல்லாம் 25. கூடாரம், துணி, சாப்பாடு 40. கூட்டினால் 300 வருகிறது. இதன் மேல் 60 கிலோ கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் கேரியரும் ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும். கூரை தாங்கும் எடைக்குத் தனி வரம்பு உண்டு, அது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது, பலர் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. எடை மேலே ஏற ஏற, பக்கச் சரிவில் வண்டி உருளும் வாய்ப்பும் கூடும். நாயோடு போகும் வண்டிக்குக் கூரையைக் காலியாக விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று. பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் இடமும் எடையும் மிச்சம் என்று பட்டறையில் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்கும் வண்டிக்கும் பொருந்தாமல் போகும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு 5,000 ரூபாய் அபராதம் சொல்கிறது, சிறைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான். சீட்டை மடித்து வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. முன்பக்க இரும்பு பம்பர் கார்டு 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டது, அதையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

4. நாயின் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

முன்சீட்டில் நாய் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் விரியும் வேகத்தில் நாயின் கழுத்து தாங்காது. மடியில் வைத்துக்கொள்வதும் அதே ஆபத்துதான்.

ஜிம்னியில் பின்சீட்டு பாதி பாதியாக மடியும். இரண்டு பேரும் ஒரு நாயும் என்றால் இரண்டு பாதியையும் மடித்து, டிக்கி வரை ஒரே தளமாக்கிக் கூண்டு வையுங்கள். மூன்று பேர் என்றால் ஒரு பாதியை மடித்துக் குறுகலான கூண்டு வைக்கலாம், ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு அந்த இடம் போதாது.

2020இல் வந்த மூன்று கதவு தாரில் இரண்டு சிக்கல். ஹார்டு டாப்பில் பின்பக்கக் கண்ணாடிகள் திறக்காது, பின்னால் ஏ.சி. துவாரமும் இல்லை. அதோடு, பின்னால் இருக்கும் நாயை வெளியே எடுக்க முன்சீட்டை மடிக்க வேண்டும், இல்லையென்றால் பின்கதவு ஒன்றே வழி. பெரிய நாய் வைத்திருப்பவர் இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால் ஐந்து கதவு தார் ராக்ஸைப் பாருங்கள். சாஃப்ட் டாப்பில் நாயைக் கூண்டில்லாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். துணிக்கூரையின் ஜிப்பைத் தள்ளித் திறப்பது வலுவான நாய்க்குச் சிரமமில்லை.

பொலிரோவின் பின்பக்கம் எதிரெதிராக உள்ள சிறு சீட்டுகளை மடித்துவிட்டால் நடுவில் நல்ல தளம் கிடைக்கும். இந்த வேலைக்கு மூன்றிலும் வசதியான வண்டி அதுதான், தோற்றத்துக்கு மயங்காதவர்களுக்கு.

5. தளம் போடுவது

பெரும்பாலான வண்டிகளில் சீட்டை மடித்தாலும் தரை சமமாக வராது. ஒரு படி நிற்கும். கூண்டு அந்தப் படியில் ஆடினால் நாய்க்கு வாந்தி வரும், கட்டிய பெல்ட்டும் தளரும்.

பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சக்கர மேட்டின் வளைவோடு சேர்த்து வெட்டி, முதலில் அட்டையில் அச்சு எடுங்கள். அந்த அச்சைத் தச்சரிடம் கொடுத்து 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் வெட்டச் சொல்லுங்கள். பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்க வேண்டும். சாதாரணப் பலகை நாயின் சிறுநீரிலும் ஈரத்திலும் ஒரு மழைக்காலத்துக்குள் உப்பிவிடும். ஓரங்களில் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள், தண்ணீர் இறங்குவது வெட்டிய விளிம்பு வழியாகத்தான். ஒரு சதுர மீட்டர் பலகை சுமார் 8 கிலோ வரும்.

பலகைக்கு அடியில் சூட்டைத் தடுக்க 10 மி.மீ. எக்ஸ்எல்பிஇ ஃபோம் விரியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். லோ ரேஞ்சில் (இழுவை கூடிய, வேகம் குறைந்த கியரில்) மெதுவாக மலை ஏறும்போது சைலன்சரின் சூடு தரை வழியாக மேலே வரும். முன்னால் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும் நாய்க்குத் தெரியும். பலகைக்கு மேல் 8 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். மாட்டுக்கொட்டகைக்குப் போடும் வரிப்பள்ளம் உள்ள ரப்பர் பாய் நழுவாது, கழுவலாம், நாய் கடித்தாலும் கிழியாது. ஆனால் அதில் 15 மி.மீ. கனமுள்ளது எடை அதிகம், மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். புது ரப்பரின் நெடி போக நான்கைந்து நாள் வெயிலில் போட்டு வையுங்கள்.

வண்டியின் தரையில் துளை போடக் கூடாது. அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர்கள் ஓடுகின்றன. பலகையை வண்டியோடு வந்த கொக்கிகளிலும் சீட் பெல்ட் போல்ட்டுகளிலும்தான் பிடிக்க வேண்டும். அந்த போல்ட்டைக் கழற்றிக் கண்போல்ட் போடுவதானால் மரை சரியாகப் பொருந்துகிறதா என்று கையால் நான்கு சுற்று திருகிப் பாருங்கள். கையால் போகவில்லை என்றால் ஸ்பானர் வைக்காதீர்கள், அந்த மரை கெட்டால் மனிதர்களுக்கான பெல்ட்டும் வீண்.

6. கூண்டு

வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் மோதி, அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 25 கிலோ நாய்க்கு அது 500 கிலோ. கூண்டின் எடையையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும். கடையில் வாங்கும் மடக்குக் கம்பிக்கூண்டு இதைத் தாங்காது. அது வீட்டுக்கு உரியது. மடிப்பு விட்டு, கம்பி முனைகள் உள்ளே குத்தும்.

மோதல் சோதனை செய்த வெளிநாட்டுக் கூண்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, விலையும் அனுப்பும் செலவும் கையைக் கடிக்கும். உள்ளூர்ப் பட்டறையில் செய்வதானால் இப்படிச் சொல்லுங்கள்:

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரப் பைப், 1.6 மி.மீ. கனம். பக்கங்களுக்கு 25 மி.மீ. கட்டம் உள்ள வெல்ட் மெஷ். 50 மி.மீ. கட்டம் மலிவு, ஆனால் குட்டிகளின் கீழ்த்தாடையும் பாதமும் அதில் மாட்டும். மெஷ்ஷின் வெட்டுமுனைகள் வெளிப்பக்கம் வரட்டும். வெல்டிங் முழுச்சுற்று இருக்க வேண்டும், புள்ளி புள்ளியாக வைத்தால் மண்பாதை அதிர்வில் ஒவ்வொன்றாக விட்டுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. மெஷ் வேண்டாம். நாய் அதைக் கடித்து நக்கினால் துத்தநாகம் உடம்பில் ஏறும். சாதாரண இரும்பில் செய்து பவுடர் கோட்டிங் கொடுங்கள்.

நீளம்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து அதோடு 10 முதல் 15 செ.மீ. உயரம்: நிற்கும்போது தலை உச்சியோடு 5 செ.மீ. தாராளமாக இருக்கட்டுமே என்று பெரிதாகச் செய்வது அன்பினால் செய்யும் தவறு. இடம் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் நாய் பக்கத்துக்குப் பக்கம் போய் மோதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற உயர நாய்க்கு ஜிம்னியின் கூரை உயரம் போதாமல் போகலாம். அப்போது படுத்தும் உட்கார்ந்தும் வர நீளத்தைக் கூட்டி, நிற்பதற்கு அடிக்கடி இறக்க வேண்டும்.

இரண்டு கதவு கட்டாயம். ஒன்று டிக்கிப் பக்கம், இன்னொன்று முன்சீட்டுப் பக்கம் அல்லது பக்கக் கதவுப் பக்கம். பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தாலோ, பின்கதவு மண்மேட்டில் முட்டி நின்றாலோ ஒரு கதவு மட்டும் உள்ள கூண்டு பெட்டியாகிவிடும். தாழ்ப்பாள் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு வையுங்கள், அதிர்வில் தானே மேலேறும் சாதா கொண்டி வேண்டாம், ஸ்பிரிங் தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டு போடாதீர்கள். உதவிக்கு வருபவர் சாவி தேடக் கூடாது.

90 × 60 × 65 செ.மீ. அளவில் செய்தால் கூண்டு 20 முதல் 25 கிலோ வரும். பவுடர் கோட்டிங்கோடு 7,000 முதல் 11,000 ரூபாய் கேட்பார்கள். பட்டறைக்கு ஒரு வாரம், கோட்டிங்குக்கு மூன்று நாள் வையுங்கள்.

7. கட்டுவது

லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். முறியும் சுமை ஒவ்வொன்றுக்கும் 1,500 கிலோவுக்குக் குறையக் கூடாது. பெல்ட்டில் தைத்த சீட்டில் அது அச்சிட்டிருக்கும், சீட்டு இல்லாத பெல்ட் வேண்டாம். நான்கு மூலையிலிருந்தும் குறுக்காகக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். முன்னே போவதைத் தடுக்கும் பின்பக்க இரண்டு பெல்ட்டும்தான் உயிர்காப்பவை. கூண்டின் முன்முகம் முன்சீட்டு முதுகை ஒட்டி நிற்கட்டும், இடையில் ஓட்டம் கிடைக்கக் கூடாது. இரும்பு விளிம்பில் பெல்ட் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். கிளம்பிப் பத்து கி.மீ. போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், புது பெல்ட் கட்டாயம் தளரும்.

கூரைப் பக்கக் கைப்பிடியில் எதையும் கட்டாதீர்கள். அது பிளாஸ்டிக் உறைக்குள் சிறு திருகில் நிற்கிறது. ஜிம்னி, ராக்ஸ் போன்ற ஆறு ஏர்பேக் வண்டிகளில் பக்கத் திரை ஏர்பேக்கும் அந்த ஓரத்தில்தான் மடிந்திருக்கிறது. தடுப்பு வலையை அதன் குறுக்கே கட்டினால் ஏர்பேக் விரியாது.

கூண்டுக்கு இடமே இல்லையென்றால் மார்புப்பட்டை. வண்டியின் சீட் பெல்ட்டே பட்டையின் முதுகுவார் வழியாக நுழைந்து போகும் வகையாகப் பாருங்கள். சிறு நைலான் வாரும் சுழல் கொக்கியும் கொண்டவை அவசரப் பிரேக்குக்குக்கூட உடைகின்றன. வார்ப்பு உலோகக் கொக்கியை எடுத்துவிட்டு மலையேறுபவர்களின் கேரபைனர் கொக்கியை மாட்டுங்கள். 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும், ஏறத்தாழ 2,200 கிலோ. கழுத்துப்பட்டையில் கட்டவே கூடாது. நாய் உட்காரவும் படுக்கவும் முடிகிற அளவுக்கு மேல் வாரை நீட்டாதீர்கள்.

நாயைக் கட்டிவிட்டு ஜாக்கியையும் மண்வெட்டியையும் அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. வண்டி உருண்டால் முதலில் பறப்பவை அவைதான். கூண்டுக்கு மேலே எதையும் வைக்க வேண்டாம்.

8. சூடும் காற்றும்

நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிராபத்து. வெளியே 30 டிகிரி இருக்கும்போது மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி கூடிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. ஏ.சி.யை ஓடவிட்டு நாயை உள்ளே விட்டுப் போவதையும் நம்பாதீர்கள், இன்ஜின் நின்றால் சொல்ல ஆளில்லை. சிம் போட்ட வெப்ப எச்சரிக்கைக் கருவிகள் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் வெறும் அலங்காரம். டீக்கடைக்கும் கழிப்பறைக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் போவது ஒன்றே வழி.

கம்பியில் நீளும் நுனி கொண்ட 300 ரூபாய் வெப்பமானி ஒன்றைக் கூண்டுக்குள் நாயின் மூக்கு உயரத்தில் கட்டி, திரையை முன்னால் வையுங்கள். 26 டிகிரிக்கு மேல் போனால் ஏதாவது செய்ய வேண்டும். ஜிம்னியிலும் பின்னால் ஏ.சி. துவாரம் இல்லை. முன் துவாரங்கள் நடுவில் உள்ளவற்றைக் கூரையை நோக்கித் திருப்பி, சீட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு 12 வோல்ட் விசிறியைப் பின்னோக்கி மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். டிக்கியில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டே போதும். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பதானால் பேட்டரியை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், இரும்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். வண்டியின் சொந்த ஒயரை வெட்டி ஒட்டினால் வாரண்டி போச்சு.

காற்று வரட்டும் என்று பின்கதவையோ பின் கண்ணாடியையோ திறந்தபடி ஓட்டக் கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு, சைலன்சர் புகையை அது உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, அதைப் பின்னால் படுத்திருக்கும் நாய் முதலில் சுவாசிக்கும். கண்ணாடிக்குக் கறுப்புப் படம் ஒட்டுவதைவிட, நிறுத்தும்போது மாட்டும் வெள்ளித்திரை வாங்குங்கள்.

நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாக மாறினால் வெப்பத் தாக்கு தொடங்கிவிட்டது. நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதன் பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். கிலோவுக்கு 60 மி.லி. என்று சாதாரண நாளின் தேவையைக் கணக்கிட்டு, அதை இரட்டிப்பாக்கித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ நாய்க்கு நாளுக்கு 3 லிட்டர்.

9. ஏற்றி இறக்குவது

இந்த வண்டிகளின் டிக்கித் தளம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதில் சிக்கல் இல்லை. குதித்து இறங்கும்போது முன்கால் மூட்டும் தோளும் அடிவாங்கும். ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம் உள்ள பலகையில் கயிற்றுப்பாய் ஒட்டி, மேல் நுனியில் கொக்கி வைத்துச் சாய்வுப்பலகை செய்யுங்கள். அந்த நீளத்தில் சரிவு 25 டிகிரி வரும், நாய் தயங்காமல் நடக்கும். நான்கடியில் செய்தால் எடுத்துப்போக எளிது, ஆனால் 40 டிகிரி தொடும், எந்த நாயும் அதில் கால் வைக்காது.

நாய்கள் அதிகம் தொலைவது நிறுத்தத்தில், கதவு திறக்கும் அந்த நொடியில். கூண்டுக்கதவைத் திறக்கும் முன் வார் மாட்டியிருக்க வேண்டும், வாரின் மறுமுனை கையில் இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி ஒடுங்கிய தலை உள்ள நாய்கள் சாதாக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னோக்கி உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். சாலைப் பக்கக் கதவு வழியாக இறக்க வேண்டாம்.

10. பழக்குவது: மூன்று நான்கு வாரம்

முதல் வாரம் கூண்டு வீட்டுக்குள் இருக்கட்டும், சாப்பாடு அதில் வையுங்கள். இரண்டாம் வாரம் வண்டிக்குள், இன்ஜின் ஓடாமல். அடுத்து இன்ஜினோடு, பிறகு தெருவைச் சுற்றி, பிறகு பத்து கி.மீ. மண்பாதை கடைசியில். கூண்டைப் பார்த்ததும் எச்சில் ஒழுகினால் ஒரு படி பின்னே போங்கள். நேரே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோய்ப் பழக்க நினைத்தால் அந்த நாய் வாழ்நாள் முழுதும் வண்டியை வெறுக்கும்.

கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்க்கு வயிறு நிறைந்த நிலையில் குலுக்கல் கூடாது, வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். வாந்தி மாத்திரையைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். நம் வீட்டுப் பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் இரண்டும் நாய்க்குக் கூடவே கூடாது.

11. மண்பாதையில்

டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் குலுக்கல் பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். நாய்க்காக நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான வேலை இது. அந்தக் காற்றில் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் கதவோரச் சீட்டில் உள்ள அளவுக்கு மறுபடி நிரப்புங்கள்.

பக்கச்சரிவு, ஆழம் தெரியாத ஓடை, பெரிய பாறைப்படி வந்தால் நாயை முதலில் இறக்குங்கள். இன்னொருவர் வாரோடு மேட்டுப் பக்கம் சுற்றிக் கூட்டிப்போகட்டும், வண்டி சரியும் திசையில் நிற்க வேண்டாம். கயிறு கட்டி வண்டியை இழுக்கும்போது நாயும் ஆளும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். ஆளில்லாமல் தனியாகப் போயிருந்தால் அந்தத் தடையைக் கடக்காமல் திரும்பி வாருங்கள்.

வால்பாறை, மேகமலைப் பக்கம் இரவில் நாயைக் கூடாரத்துக்கு வெளியே கட்டாதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. அறைக்குள் உங்களோடு படுக்கட்டும். நாய்க்கு இடம் தரும் தங்குமிடமா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், ‘பார்த்துக்கலாம் வாங்க’ என்ற தொலைபேசிப் பேச்சை நம்பி மலையேற வேண்டாம்.

12. மருந்துப்பெட்டியும் மருத்துவமனையும்

தானே ஒட்டும் பேண்டேஜ், காயம் கழுவ 500 மி.லி. சலைன், டிஜிட்டல் வெப்பமானி, உண்ணி பிடுங்கும் கொக்கி, வாய்க்கட்டு, அட்டைப்பூச்சிக்கு உப்பு. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், வாய்க்கட்டை முதலில் போடுங்கள். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் வெப்பத் தாக்கில் இரைக்கும் நாய்க்கும் போடக் கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிக் கிளம்புங்கள்.

எங்கே என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கொல்லிமலைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. மேகமலைக்குத் தேனி. வால்பாறைக்கு உடுமலைப்பேட்டை. இவை மூன்றும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரவில் யார் இருப்பார்கள், பாம்புக்கடி மருந்து இருப்பு உண்டா என்று கிளம்பும் வாரத்தில் தொலைபேசியில் கேட்டுக் குறித்துவையுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டுங்கள், கைபேசி தண்ணீரில் விழுந்தாலும் தாள் இருக்கும்.

உண்ணி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, வாலடி, அக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். மூக்கில் ரத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து நாய் சாப்பிடாமல் படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மலைக்குப் போய் வந்த தேதியைச் சொல்லி உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.